தட்டுச் சோதனை

ஆறு நாய்க்குட்டிகளும் தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. மருதப்பன் அவற்றின் பின்னால் குந்தி, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தான்.

ஐந்து தலைகள் திரும்பின. ஒன்று மட்டும் தன்பாட்டுக்குப் பால் குடித்தது.

"செவிடு. எவன் வாங்குவான்?" பிடரியைப் பிடித்துத் தூக்கித் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினான். குமிழிகள் அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

"அண்ணன் தங்கச்சியைச் சேர்த்தா இப்படித்தான் பிறக்கும்னு டாக்டர் சொன்னாரே மாமா?" இடுப்பில் பிள்ளையோடு நின்ற தமயந்தி கேட்டாள்.

"வெளிநாயைச் சேர்த்தா வெள்ளை கெட்டுடும்டி. ரத்தம் விட்டுப் போகக் கூடாதுன்னுதானே அக்கா மகள் உன்னையே கட்டினேன்!"

சிரித்தவன் சட்டென்று நிறுத்தினான். தட்டை அடித்த அத்தனை பெரிய சத்தத்துக்கும் பிள்ளை திரும்பவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பிள்ளையோட சுவரைப் பார்த்துத் திரும்பி நில்லு."

"எதுக்கு மாமா?"

"நில்லுடின்னா!"

தமயந்தி திரும்பினாள். கரண்டியை அவன் ஓங்குவது சுவரில் நிழலாகத் தெரிந்தது. அவள் நகங்கள் பிள்ளையின் தொடையைத் தேடின.

தட்டு அதிர்ந்த அதே நொடியில் பிள்ளை வீரிட்டது.

"அடேயப்பா, என்னமா பயந்துட்டான்!" என்றான் மருதப்பன். ஆனால் தட்டைக் கீழே வைக்கவில்லை. "அழுகை அடங்கட்டும். இன்னொரு தடவை அடிச்சுப் பார்ப்போம்."

தமயந்தி பிள்ளையின் கண்ணைத் துடைத்தாள். பிறகு அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அந்தப் பக்கத் தொடையில் இன்னும் நகக் காயமில்லை.