புகழ்பூத்தோர் பக்கம்

வெள்ளவத்தை அச்சகத்துக்குள் வெயிலும் ரயில் இரைச்சலும் ஒன்றாக நுழைகின்றன. எல்லோரும் 'மாஸ்டர்' என்றே கூப்பிடும் புரூஃப் பார்ப்பவர் தில்லையம்பலம், தான் படித்த சின்னக் கல்லூரியின் மலரில் 'எங்கள் புகழ்பூத்த பழைய மாணவர்' பக்கத்தில் விரலை வைத்தபடி இருக்கிறார். நீதிபதிக்கும் டொக்டருக்கும் நடுவில் அவருடைய பெயர்: 'அமரர் வே. தில்லையம்பலம் (1931–1995), கணித மேதை. ஷெல்லடியில் காலமானார்.' முதலெழுத்து சரி, ஓரத்தில் போட்டிருக்கும் படித்த வகுப்பும் சரி. அப்ப செத்தது ஆர்? உயிரோடு இருந்தவரை இந்தப் பழைய மாணவர் சங்கம் அவரை ஒரு கூட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. அமரரை வெட்டினால் மேதையும் போய்விடுமோ? சிவப்புப் பேனா தாளில் ஒரு பொட்டு வைத்துவிட்டு நிற்கிறது. "மாஸ்டர், பிழை ஏதும் கிடக்கோ?" தாளை வாங்க வந்த சங்கச் செயலாளர் கௌரி அவர் முகத்தைப் பார்க்காமலே கேட்கிறாள். "ஓம் பிள்ளை, ஒண்டு கிடக்கு," என்கிறார். 1931ஐ மட்டும் தான் பிறந்த 1932 என்று திருத்தி நீட்டுகிறார்.