இறாலுக்கு ஏசி

"கஷ்டம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. சூழ்நிலைக்குத் தகுந்த மாதிரி நாம மாறிக்கிட்டா போதும்!" என்றார் பேச்சாளர்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே, கொதிக்கிற ஹாலில், முப்பது பேர் வியர்வையைத் துடைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அது பார்சல் கம்பெனியின் புகார் பிரிவு. "என் பார்சல் எங்கய்யா?" என்று கத்துகிறவர்களுக்கு நாள் முழுக்கப் போனில் பதில் சொல்லும் இடம். ஏசி படுத்து இரண்டு மாதமாகிறது. எப்போது போய்க் கேட்டாலும் "பட்ஜெட் இல்லைம்மா" என்பார் மேனேஜர். அதனாலேயே அவருக்குப் பெயர் பட்ஜெட்.

போன வாரம் தங்கச்சி மயங்கி விழுந்துவிட்டாள். வயிற்றில் ஏழு மாசம். அந்த ஹாலில் எல்லோருக்குமே அவள் தங்கச்சிதான். வேலையை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் மறுநாளே ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பெரியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே பட்ஜெட்டின் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். அங்கே மட்டும் ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் சோர்ந்து போயிருக்காங்க சார். ஏதாவது செய்யணும்."

"செஞ்சுடுறேன்மா" என்றார் பட்ஜெட்.

செய்தார். அதுதான் இந்தப் பேச்சு.

பேச்சாளர் மீன்வள ஆராய்ச்சியில் ஓய்வு பெற்றவர். கையோடு ஒரு கண்ணாடி ஜாடி கொண்டுவந்திருந்தார். உள்ளே தூசி தூசியாய் ஏதோ நெளிந்தது.

"உப்பளத்து இறால் குஞ்சுங்க. பொறந்து ரெண்டு நாள்தான் ஆச்சு. தண்ணி வத்திப் போச்சுன்னா தாய் இறால் அழுதுகிட்டு உட்காராது. குஞ்சு போடுறதை நிறுத்திட்டு, கெட்டி ஓட்டோட முட்டை போடும். அந்த முட்டை வருஷக்கணக்கா காய்ஞ்சு கிடக்கும். திரும்பத் தண்ணி வந்ததும் பொரிஞ்சு நீந்தும்!"

பட்ஜெட் எழுந்து நின்று கைதட்டினார். "கேட்டுக்கோங்க! வாயில்லா ஜீவன். என்னைக்காவது ஏசி கேட்டிருக்கா?"

பெரியக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாங்களும் ஓட்டுக்குள்ள போய்ப் படுத்துக்கிட்டா போனை யார் சார் எடுக்கிறது?"

ஹாலே சிரித்தது. பேச்சாளர் மட்டும் சிரிக்காமல் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

பேச்சு முடிந்ததும் பட்ஜெட் சொன்னார்: "ஜாடி இங்கேயே இருக்கட்டும் சார். தினமும் பார்த்துப் பாடம் படிக்கட்டும். அடுத்த மாசம் முதலாளி வர்றப்ப அவருக்கும் காட்டலாம்."

பேச்சாளர் ஜாடியைத் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இந்தச் சூட்டிலயா? பச்சைக் குஞ்சுங்க சார். ரெண்டே நாள்ல செத்து மிதக்கும்."

"அப்ப என் ரூம்ல வெச்சுக்கிறேன்."

"தாராளமா வைங்க. ஆனா பாடம் இவங்களுக்குத்தானே? சமாளிக்கக் கத்துக்குடுக்க வந்த இறாலே இங்க சமாளிக்க முடியலைன்னு முதலாளிக்குத் தெரிஞ்சா அசிங்கமாப் போயிடுமே."

பட்ஜெட்டுக்கு அந்த வருஷத்திலேயே முதல் தடவையாக வியர்த்தது.

மறுநாள் மதியத்துக்குள் புது ஏசி வந்து மாட்டியாகிவிட்டது. கதவில் ஒரு போர்டும் தொங்கியது: 'இறால்கள் வளர்கின்றன. கதவைச் சாத்தவும்.'

"இது இறால் கணக்குல வாங்கினது. இறால் போச்சுன்னா ஏசியும் போயிடும், சொல்லிட்டேன்" என்றார் பட்ஜெட்.

பெரியக்கா பல்லைக் கடித்தாள். "பார்த்தியாடி தங்கச்சி? நீ விழுந்தப்ப வராத ஏசி, பூச்சிக்கு வந்துடுச்சு. இவனாவது முதலாளிக்குப் பயந்தவன். அந்தப் பேச்சாளரும் ஒரு மனுஷனா? பிள்ளைத்தாச்சி எதிர்ல உட்கார்ந்து தவிக்கிறா, அந்தாளு ஜாடியைத் தடவிக்கிட்டு நிக்கிறான்!"

"யாருக்கு வந்தா என்னக்கா? குளுகுளுன்னு இருக்கு. இன்னைக்குக் கால் கூட வீங்கல" என்றாள் தங்கச்சி.

அன்றிலிருந்து பெரியக்கா அந்த ஜாடியைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். பாசமெல்லாம் இல்லை. அது போனால் தங்கச்சி மறுபடி விழுவாள் என்கிற பயம்தான்.

அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் விடுமுறை. "ஆளில்லாத ஹாலுக்கு எதுக்குக் கரண்ட்?" என்று பட்ஜெட் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தார். இறால் ஞாபகம் அவருக்கு வரவே இல்லை.

திங்கட்கிழமை காலை முதலில் வந்த பெரியக்கா கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் ஜாடியைத் தொட்டாள். வெந்நீர் மாதிரி சுட்டது. உள்ளே பார்க்கத் தைரியம் வராமல் பேச்சாளருக்குப் போன் போட்டாள்.

"ஐயா, கொன்னுட்டாங்க ஐயா! ரெண்டு நாளா ஏசியே இல்ல. எனக்கு வேற குஞ்சு குடுங்க. மேனேஜர் வர்றதுக்குள்ள மாத்தி வெச்சுடுறேன். உங்க கால்ல வேணா விழறேன்."

"பதறாதீங்கம்மா. போன்ல டார்ச் இருக்கில்ல? ஜாடிப் பக்கம் அடிச்சுப் பாருங்க."

அடித்தாள். இறால் குஞ்சுகள் அத்தனையும் திமுதிமுவென்று வெளிச்சத்துப் பக்கம் நீந்தி வந்தன.

"ஐயோ, எல்லாம் உசிரோட இருக்குங்கய்யா! இந்தச் சூட்டுல எப்படிங்கய்யா தாங்குச்சு?"

"உப்பளத்து வெயில்லயே பொறந்து வளர்ற சாதிம்மா, அதுக்கு எதுக்கு ஏசி? அது கிடக்கட்டும். அன்னைக்குக் கழுத்துல ஈரத் துண்டோட ஒரு பிள்ளைத்தாச்சிப் பொண்ணு உட்கார்ந்திருந்துச்சே, அது இப்ப எப்படி இருக்கு?"