தொடாதீங்க டீச்சர்

பொரிய வேண்டிய நாள் தாண்டியும் ஆறு முட்டைகளில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. சூட்டுக்காகப் பல்பு எரிந்துகொண்டிருந்த பெட்டியைச் சுற்றி இரண்டாம் வகுப்பே காவல் நின்றது.

"ஒண்ணை எடுத்துப் பார்க்கட்டுமா?" என்றார் டீச்சர்.

"தொடாதீங்க டீச்சர். தொட்டா உள்ளே குஞ்சு பயந்துக்கும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் கிளாஸ் லீடர்.

டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலமே பண்ணையில் ஆறு குஞ்சுகளை வாங்கி, உடைந்த முட்டையோடுகளையும் சேர்த்து வாட்ச்மேனிடம் கொடுத்தார்.

"காலையில பசங்க வர்றதுக்குள்ள மாத்திடுங்கண்ணே."

மறுநாள் வாட்ச்மேன் வாசலிலேயே காதைக் கடித்தார். "மாத்திட்டேன் டீச்சர். பழைய முட்டை ஒவ்வொண்ணும் என்னா கனம்."

"குஞ்சு உள்ளேயே செத்திருக்கும். பாவம்."

பெட்டிக்குள் ஆறு குஞ்சுகளும் கீச்கீச்சென்றன. வகுப்பில் யாரும் கைதட்டவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பொறுமையா காவல் காத்தீங்கள்ல, அதான் பொரிஞ்சிருக்கு" என்றார் டீச்சர்.

லீடர் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"முட்டையெல்லாம் போன வாரமே கீழே விழுந்து உடைஞ்சிடுச்சு டீச்சர். நீங்க அழுவீங்கன்னு நாங்கதான் களிமண்ணுல உருட்டி, சாக்பீஸ் தூள் பூசி வச்சோம். களிமண்ணுலயும் குஞ்சு வருமா டீச்சர்?"