ஒரு விரல் உயரம்

“அண்ணாச்சி, ஒளிச்சு வச்சுக் கட்டிக்குடுக்கப் பாத்தியளோ?”

சண்முகத்தாயின் குரல் மொட்டைமாடி வரை கேட்டது. எதிர்வீடு என்பதால் எங்களுக்குக் கதவை வேறு திறந்துகொள்ள வேண்டியிருந்தது.

மகனுக்கு நிச்சயம் பண்ண வந்தவள். போட்டோவுக்காக அவனையும் பெண்ணையும் சேர்த்து நிறுத்தினார்கள்.

பெண் அவனைவிட ஒரு விரல் உயரம்.

பெண் பார்க்க வந்தபோது அவன்தான் ஒரு நூல் உயரம். அந்த ஒரு நூலில்தான் சம்பந்தமே தொங்கியது.

“மதினி, ரெண்டு நாள்ல இறங்கிரும்,” என்றார் பெண்ணின் அப்பா.

“இறங்குறதுக்கு அதென்ன காய்ச்சலா?”

பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள்தான் கட்டிலைவிட்டு எழுந்திருந்தாள். விண்வெளியில் எடையில்லாமல் மிதப்பவர்களின் உடம்பு என்ன பாடுபடும் என்று பார்க்க ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆள் கேட்டார்கள். இவள் போனாள். தலைப்பக்கம் தாழ்த்திய கட்டிலில் இரண்டு மாதம். சாப்பாடு, குளியல், எல்லாம் படுத்தபடி.

ரத்தம் மேலேறி முகம் உப்பிவிட்டது. வேலையில்லாத கால்கள் சூம்பிவிட்டன. சுமையில்லாத முதுகெலும்பு நீண்டுவிட்டது.

படுத்தே வளர்ந்தவளை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது.

“மூஞ்சி பணியாரம். காலு குச்சி. என்ன சீக்கோ.”

அவள் சண்முகத்தாயைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“உங்களுக்குத் தெரியும்ல. சொல்லுங்க.”

தெரியும். சூப்பர்கண்டக்டர் எனும் மீகடத்தியில் ஆராய்ச்சி செய்கிறவன். பெண் பார்க்க வந்த அன்று புகையும் திரவ நைட்ரஜனைக் குடுவையில் கொண்டுவந்தான். கறுப்பு வில்லை ஒன்றைக் குளிரவைத்து அதன்மேல் காந்தத்தை மிதக்கவிட்டான்.

சாதாரணக் கம்பியில் எலெக்ட்ரான்கள் முட்டி மோதித்தான் போகுமாம். கடுங்குளிரில் ஜோடி சேர்ந்துவிடுமாம். அப்புறம் எதிலும் முட்டாது. ஓடவிட்ட மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். காந்தப்புலத்தை உள்ளே விடாமல் தள்ளும். அதனால்தான் காந்தம் மிதக்கிறது என்றான்.

கைதட்டினோம்.

கொஞ்சம் சூடேறினாலே ஜோடி பிரிந்துவிடும் என்றும் சொன்னான். சொன்னபடி காந்தம் விழுந்தது. அதற்குள் கேசரி வந்துவிட்டது.

அன்று அரைமணி நேரம் பேசியவன்.

இப்போது தரையைப் பார்த்தான்.

கொண்டுவந்த நிச்சயத் தட்டோடு திரும்பிப் போனார்கள்.

நாலாம் நாள் தட்டோடு வந்தார்கள். யாரோ டாக்டரைக் கேட்டிருப்பார்கள். சண்முகத்தாயின் கைப்பையிலிருந்து டெய்லர் டேப்பின் வால் எட்டிப் பார்த்தது. எங்கள் கதவை அன்றும் சாத்தவில்லை.

பெண் பழைய உயரத்துக்கு வந்துவிட்டிருந்தாள். முந்தின நாளே லிஃப்டில் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டோம்.

உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது. டக். டக்.

நாலு விரல் குதிகால் செருப்பு. வீட்டுக்குள்.

கால் இன்னும் நடுங்கியது. சுவரைப் பிடிக்கவில்லை.

“அளந்துக்கிடுங்க, அத்தை.”

டேப் வெளியே வரவில்லை.

ஆனியில் அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

ஆவணியில் அவன் சாத்தூரில் பெண் கட்டினான். கல்யாணப் போட்டோவை வாங்கிப் பார்த்தோம். பெண் லேசாகக் குனிந்து நிற்கிறாள்.

வெட்கமாம்.