கொழுப்பெடுத்த பயல்

லைசென்ஸுக்கு ஸ்கூட்டரில் எட்டுப் போட நின்ற தமயந்தியின் மூளைக்குள், ஒரு நரம்பு “போச்சு, போச்சு!” என்று கத்திக்கொண்டிருந்தது.

நரம்பை அடக்குவது காபா என்ற ரசாயனத் தூதுவரின் வேலை. அவர் தட்டினால் நரம்பின் கதவு திறக்கும், உப்புத் துகள்கள் உள்ளே போகும், சத்தம் குறையும். ஆனால் கதவோ அவசரக் குடுக்கை. நாலு துகள் நுழைவதற்குள் படக்கென்று சாத்திக்கொள்ளும்.

அன்று காபாவோடு புதிதாக ஒருவன் வந்தான்.

“யாருப்பா நீ?” என்றது கதவு.

“ஸ்டீராய்டுண்ணே.”

“ஐயோ, ஜிம்முல ஊசி போட்டுக்கிறாங்களே, அதுவா?”

“அது வெளியூர்ச் சரக்குண்ணே. நான் இதே மூளையில பிறந்தவன். உங்க மேல கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா?”

“என் மேலயேவா? எவ்வளவு கொழுப்புடா உனக்கு!”

“கரெக்டா சொன்னீங்க. என்னைக் கொழுப்புலதான் செஞ்சாங்க.”

கதவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. காபா தட்டினார். திறந்த கதவில் அவன் சாய்ந்துகொண்டான். துகள்கள் சாவகாசமாக உள்ளே போயின. நரம்பு பாதிக் கத்தலில் கொட்டாவி விட்டது. தமயந்தி காலை ஊன்றாமல் எட்டுப் போட்டு முடித்தாள்.

மறுநாள் நரம்பு மறுபடி கத்த, காபா தனியாக வந்து தட்டினார். கதவு அவர் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது.

“நீங்க மட்டும் வந்தா எப்படி? அந்தக் கொழுப்பெடுத்த பயலைக் கூட்டிட்டு வாங்க!”