தாடிக்காரனின் இடது கால்

"மெல்ல, மாமா. அது கால். துருப்பிடிச்ச தாழ்ப்பாள் இல்ல."

"எனக்குத் தெரியும். நீ வெந்நீரை ஊத்து."

பூட்டுக்காரர் பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் வயிறு நனைய ஒரு வெளிநாட்டு ஓணான் படுத்திருந்தது. மருமகள் ஆசையாகக் கடையில் வாங்கி வளர்ப்பது. ஒரு முழ நீளம், கழுத்தைச் சுற்றி முள். கோபம் வந்தால் தொண்டை உப்பி, தாடி வைத்த மாதிரி கறுத்துவிடும். அதனால் தாடிக்காரன்.

தாடிக்காரனுக்குக் கண்ணாடியில் தனி வீடு, குளிர்காய ஒரு விளக்கு, தின்ன டப்பா நிறையப் புழு. தன்னைவிட ஓணானுக்குத்தான் இந்த வீட்டில் ராஜ மரியாதை என்று பூட்டுக்காரர் வாய்விட்டே சொல்லியிருக்கிறார்.

அந்த ராஜாதான் அலமாரி உச்சியிலிருந்து விழுந்து இடது முன்னங்காலை முறித்துக்கொண்டான். கட்டுப் பிரித்த பிறகும் விளக்கடியிலேயே அசையாமல் கிடந்தான். தினமும் வெந்நீரில் வைத்து மடக்கி நீட்டாவிட்டால் காலையே எடுக்க வேண்டிவரும் என்று கால்நடை டாக்டர் சொன்னாராம்.

"எடுப்பான். அவனுக்கென்ன, அவன் காலா?" என்று சீறிய பூட்டுக்காரர், மறுநாள் தானாகவே வந்து பேசின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் என்றாலே அவருக்கு ஆகாது. டாக்டர் என்ன, மனுஷ ஜாதியே ஆகாது. எந்தப் பூட்டையும் எவனாவது திறந்துவிடுவான் என்று தெரிந்த தொழில், யாரையும் நம்ப விடவில்லை.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருடைய வலது மணிக்கட்டும் முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த எலும்பு டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். பந்து விளையாடுகிற வயசா எனக்கு என்று ஜன்னல் வழியே எறிந்துவிட்டார். பந்து இப்போது எதிர்வீட்டு நாயிடம் இருக்கிறது. கை விறகுக்கட்டை மாதிரி மடியில் கிடந்தது. ஒரு சாவியைத் திருக வழியில்லை. கடை சாத்தியே கிடந்தது. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

ஓணான் விஷயம் வேறு. வாயில்லாத ஜீவன். ஏமாற்றத் தெரியாது.

ஆனால் கிராக்கிக்கு மட்டும் குறைவில்லை. இடது கையால் தொட்டால் மிரண்டுவிடுவானாம். இடுக்கியால் புழு கொடுத்தால் பல் போய்விடுமாம். மருமகள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதனால் வலது கையாலேயே காலைப் பிடித்தார். வலது விரல் நுனியாலேயே நெளிகிற புழுவை எடுத்தார். ஆரம்பத்தில் ஒவ்வொரு புழுவும் நழுவி முக்காலிக்கு அடியில் ஓடும். தாடிக்காரன் வாயைப் பிளந்துகொண்டு, பந்தியில் கடைசி இலைக்காரன் மாதிரி அவரையே பார்ப்பான். "இருடா, வருது" என்று அவர் வியர்க்க வியர்க்கத் தேடுவார்.

இப்போதெல்லாம் புழு நழுவுவதில்லை. கால்தான் கவலை. இளகியிருக்கிறது; நடப்பானா?

மடக்கினார். நீட்டினார். மடக்கினார்.

ஜன்னல் திரையில் ஒரு பச்சை வெட்டுக்கிளி வந்து உட்கார்ந்தது.

தாடிக்காரன் தலையைச் சாய்த்தான்.

அவ்வளவுதான். பேசின் கவிழ்ந்தது, தரையெல்லாம் வெள்ளம், மருமகள் வீலென்றாள். தாடிக்காரன் நாலு கால் பாய்ச்சலில் அறையைக் கடந்து, திரையில் விறுவிறுவென்று ஏறி, வெட்டுக்கிளியைக் கவ்வி, கவ்விய குஷியில் பிடியை விட்டுவிட்டான்.

பூட்டுக்காரர் யோசிக்கவில்லை. கை தானாக நீண்டது. லபக்கென்று அந்தரத்திலேயே பிடித்துவிட்டார்.

"நடக்கிறான்ம்மா! நடக்கிறதென்ன, பறக்கிறான்! பாத்தியா?" தண்ணீரில் தொப்புத் தொப்பென்று குதித்தார். அவர் குதித்து யாரும் பார்த்ததில்லை.

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர். "அஞ்சு விரலும் மடங்கிடுச்சு, மாமா!"

"விரலை எங்கே பாத்தே? ஓடின ஓட்டத்தைச் சொல்றேன்..."

அவள் பார்வை போன திசையில் அவரும் பார்த்தார்.

அவள் தாடிக்காரனின் காலைப் பார்க்கவில்லை. அவன் வயிற்றைச் சுற்றி இறுக மூடியிருந்த அவருடைய வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டுக்குள்ளே நெம்புகோல் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் அவருக்கு அத்துப்படி. இப்போது தலைக்குள் கேட்டது. இடது கை ஆகாது. இடுக்கி ஆகாது. வெந்நீர். மடக்கு, நீட்டு. கால்நடை டாக்டர் சொன்னதைக் கேட்டது யார்? இவள் ஒருத்திதான்.

மருமகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மனுஷனுக்கும் தாடி கறுக்கும் என்றால் அந்த நிமிஷம் அவருடைய வெள்ளைத் தாடி கறுத்திருக்கும். தாடிக்காரனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"நீயும் கூட்டாடா?"

அவன் ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரி வெட்டுக்கிளியின் காலை மென்றுகொண்டிருந்தான்.

பூட்டுக்காரர் காலால் பேசினை நிமிர்த்தினார். முக்காலியை இழுத்துப் போட்டார். ஓணானை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன வேடிக்கை? போ, இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டா. இவனுக்குக் கட்டைவிரல்தான் இன்னும் சரியா மடங்கலை."