உள்ளே தள்ளிய முப்பது வரிகள்

மேசையின் தலைமாட்டில் கல்லூரி முதல்வர், வலப்பக்கம் பேராசிரியர், எதிரே ஆய்வு மாணவி, கதவோரம் எழுத்தர்.

மாணவியை நீக்கும் கடிதம் தயார். 'அடுத்தவர் உழைப்பைத் திருடியவருக்கு இங்கே இடமில்லை' என்று அரைப் பக்கத்துக்குப் பேராசிரியரே சொல்லி எழுதவைத்திருந்தார்.

"முப்பது வரி! என் புத்தகத்துல இருந்து அப்படியே சுட்டு, தன் ஆய்வேட்டுல போட்டிருக்கா. ஒரு மேற்கோள் குறி உண்டா?" என்று மேசையில் அறைந்தார்.

மாணவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீளமான மேற்கோளைத் ஓரத்துல இருந்து தனியா உள்ளே தள்ளிப் போடணும், குறி வேண்டாம், கீழே மூலத்தைச் சொன்னாப் போதும்னு வகுப்புல நீங்கதானே சார் சொன்னீங்க?"

"அப்போ கீழே என் பேர் எங்கே?"

மாணவி முதல்வர் பக்கம் திரும்பினாள். "அங்கே இருக்கிற பேரைப் படிங்க மேடம்."

முதல்வர் அந்த வரிகளுக்குக் கீழே இருந்ததைப் படித்தார். யாரோ ஒரு பெண்ணின் ஆய்வேடு. பேராசிரியரின் புத்தகத்துக்கு ஆறு வருடம் முந்தையது.

"அது எங்கம்மா." மாணவி பழைய ஆய்வேட்டை மேசையில் போட்டாள். "வழிகாட்டி யாருன்னு முதல் பக்கத்துலயே இருக்கு."

பேராசிரியரின் பெயர்தான் இருந்தது.

முதல்வர் எழுத்தரிடம் கடிதத்தை நீட்டினார். "நீக்கப்படுபவர் பேரை மட்டும் மாத்துங்க. அந்த அரைப் பக்கத்தை உள்ளே தள்ளிப் போட்டு, சொன்னவர் பேரையும் கீழே குறிச்சிடுங்க."

எழுத்தர் உறையை ஒட்டி, பேராசிரியரின் வீட்டு முகவரியை எழுதித் தபாலில் சேர்த்தார்.